கேட்டலிஸ்ட் 2960-எக்ஸ் ஸ்விட்ச்சில் போர்ட் மிரர் அமைப்பது எப்படி? சர்வருக்குப் போய்வரும் பாக்கெட்டுகளைப் பார்க்க வேண்டும்

ஆலைக்கணினி:

வணக்கம். கோவைக்கு அருகே ஒரு நூற்பாலையின் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். சர்வர் அறையில் 24 போர்ட் கொண்ட சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960-எக்ஸ் ஒன்று நடுநாயகமாக இருக்கிறது. அதிலிருந்து ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு சிறிய ஸ்விட்ச் போகிறது. பில்லிங் சர்வர் 3ஆம் போர்ட்டில் இருக்கிறது.

தினமும் காலை 11 மணிக்கு மேல், லாரிகள் வரிசைகட்டி நிற்கும் நேரத்தில், அனுப்புகைப் பிரிவில் பில் திரை நான்கைந்து வினாடி அப்படியே உறைந்துபோகிறது. பிறகு தானாகவே நகர்கிறது. அந்த நேரத்தில் பிங் கொடுத்துப் பார்த்தால் ஒரு மில்லி வினாடிக்கும் குறைவாகவே காட்டுகிறது. மென்பொருள் தந்தவர்கள் "உங்கள் நெட்வொர்க்தான் காரணம்" என்கிறார்கள். நெட்வொர்க் போட்டுத் தந்தவர்கள் மென்பொருளைக் கைகாட்டுகிறார்கள். இருவருக்கும் நடுவில் நான் நிற்கிறேன்.

என் மடிக்கணினியை 24ஆம் போர்ட்டில் செருகி, பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளை ஓடவிட்டுப் பார்த்தேன். ஏஆர்பி கேள்விகளும் ("இந்த ஐபி முகவரி யாருடையது?" என்பவை) சில பிராட்காஸ்ட் பாக்கெட்டுகளும் மட்டுமே வருகின்றன. சர்வருடன் மற்றவர்கள் பேசுவது ஒன்றுகூடத் தெரியவில்லை. வயர்ஷார்க்கில் ஏதேனும் அமைப்பு விடுபட்டிருக்கிறதா, அல்லது ஸ்விட்ச்சில்தான் ஏதாவது செய்ய வேண்டுமா?

கம்பிவழி:

வயர்ஷார்க்கில் குறை ஒன்றும் இல்லை. ஸ்விட்ச் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. பழைய ஹப்பாக இருந்தால் ஒரு போர்ட்டில் வந்ததை எல்லாப் போர்ட்டிலும் கொட்டிவிடும். அங்கே எவர் பேசுவதையும் எவரும் கேட்கலாம். ஸ்விட்ச் எந்த மேக் முகவரி (கருவியின் வன்பொருள் எண்) எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்பதைக் கற்று வைத்துக்கொண்டு, உரியவரின் போர்ட்டுக்கு மட்டுமே ஃபிரேமை (கம்பியில் போகும் தரவுப் பொதியை) அனுப்புகிறது. உங்கள் 24ஆம் போர்ட்டுக்கு வருவது எல்லோருக்குமான பிராட்காஸ்ட்டும், உங்கள் மடிக்கணினிக்கென்றே உள்ளதும் மட்டும்தான்.

மற்றவர்களின் பேச்சு வேண்டுமென்றால், 3ஆம் போர்ட்டின் பிரதி ஒன்றை 24ஆம் போர்ட்டுக்கு அனுப்பும்படி ஸ்விட்ச்சிடம் சொல்ல வேண்டும். சிஸ்கோவில் இதற்கு ஸ்பான் என்று பெயர்; மற்ற நிறுவனங்களின் கருவிகளில் போர்ட் மிரர் என்று இருக்கும். கான்ஃபிகரேஷன் நிலைக்குப் போய் இரண்டே வரிகள்:

மானிட்டர் செஷன் 1 சோர்ஸ் இன்டர்ஃபேஸ் கிகாபிட்ஈதர்நெட் 1/0/3 போத்
மானிட்டர் செஷன் 1 டெஸ்டினேஷன் இன்டர்ஃபேஸ் கிகாபிட்ஈதர்நெட் 1/0/24

(கட்டளைகளின் உச்சரிப்பைத் தமிழில் எழுதியிருக்கிறேன்; நீங்கள் ஆங்கிலத்தில் தட்டச்சிட வேண்டும்.) "போத்" என்பது உள்ளே வருவது, வெளியே போவது ஆகிய இரண்டையும் சேர்க்கும். அதைச் சொல்லாமல் விட்டாலும் இரண்டும்தான் வரும், ஆனாலும் எழுதிவிடுவது நல்லது. ஆறு மாதம் கழித்துப் படிப்பவருக்குச் சந்தேகம் வராது. பிறகு "ஷோ மானிட்டர் செஷன் 1" கொடுத்துச் சரிபாருங்கள்.

ஆலைக்கணினி:

நன்றி ஐயா. இரண்டு வரிகளையும் கொடுத்தேன். வயர்ஷார்க்கில் அருவி மாதிரி கொட்டுகிறது. ஆனால் வேறொரு சிக்கல் வந்துவிட்டது. மடிக்கணினியில் இணையம் போய்விட்டது, சர்வருக்குப் பிங்கும் போகவில்லை. "ஷோ இன்டர்ஃபேசஸ்" கொடுத்துப் பார்த்தால் 24ஆம் போர்ட்டில் முதற்பகுதி "அப்" என்றும், அடுத்து "லைன் புரோட்டோகால் இஸ் டவுன் (மானிட்டரிங்)" என்றும் காட்டுகிறது. போர்ட்டைக் கெடுத்துவிட்டேனா?

பொதிநோக்கி:

ஒன்றும் கெடவில்லை, அடைப்புக்குறிக்குள் இருக்கும் அந்த "மானிட்டரிங்" என்ற சொல்தான் விளக்கம். டெஸ்டினேஷன் ஆகிவிட்ட போர்ட், பிரதியை வெளியே கொட்டுவதைத் தவிர வேறு எதுவும் செய்யாது. நீங்கள் அனுப்புவதை உள்ளே ஏற்காது, உங்கள் மேக் முகவரியைக் கற்காது, சுழற்சியைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீயிலும் பங்கெடுக்காது. அந்த மடிக்கணினியில் வேறு வேலையும் பார்க்க வேண்டுமென்றால் வைஃபை வழியாகவோ இரண்டாவது நெட்வொர்க் அடாப்டர் வழியாகவோ பாருங்கள். டெஸ்டினேஷன் வரியின் இறுதியில் "இன்கிரஸ்" என்று சேர்த்து, எந்த விலானுக்கு (ஸ்விட்ச்சுக்குள் பிரித்துவைத்த தனி நெட்வொர்க்) என்றும் சொன்னால் உள்வரவை அனுமதிக்கலாம். ஆனால் பழுது தேடும்போது நான் அதைச் செய்வதில்லை. பார்க்க வந்தவன் பேசவும் தொடங்கிவிட்டால் கேப்சரில் (பிடித்த பாக்கெட்டுகளின் பதிவில்) அவன் குரலும் கலந்துவிடும்.

ஸ்பானிங் ட்ரீயில் அது இல்லை என்பதை மறக்காதீர்கள். அந்தப் போர்ட்டில் இன்னொரு ஸ்விட்ச்சைச் செருகவே கூடாது. இன்கிரஸும் திறந்திருந்து, அந்த ஸ்விட்ச் வேறு வழியாகவும் இணைந்திருந்தால், சுழற்சியைத் தடுக்க ஆளே இருக்காது.

வேலை முடிந்ததும் செஷனை நீக்குவதும் அதே அளவுக்கு முக்கியம். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு செஷனை அமைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் கான்ஃபிகரேஷனைச் சேமித்துவிட்டு, வேறு வேலைக்குப் போய்விட்டேன். எட்டு மாதம் கழித்து ஒரு புதிய ஊழியரின் கணினியை அந்தப் போர்ட்டில் செருகினார்கள். அவருக்கு ஐபி முகவரியே கிடைக்கவில்லை. கேபிளை மாற்றினார்கள், கணினியையே மாற்றினார்கள், இரண்டு நாள் வீணானது. அதைவிடக் கவலைக்குரியது, அந்த இரண்டு நாளும் கணக்குப் பிரிவின் போக்குவரத்து முழுவதன் பிரதியும் அவர் மேசைக்குப் போய்க்கொண்டிருந்தது. அன்றிலிருந்து மிரர் போர்ட்டுக்கு "டிஸ்கிரிப்ஷன்" எழுதி, அதில் தேதியையும் சேர்க்காமல் நான் செஷன் அமைப்பதில்லை.

ஆலைக்கணினி:

புரிந்தது, டிஸ்கிரிப்ஷன் எழுதிவிட்டேன். இன்று பார்வையை அகலப்படுத்தலாம் என்று எண்ணி, சோர்ஸாக 3ஆம் போர்ட்டுக்குப் பதில் விலான் 10 முழுவதையும் கொடுத்தேன். இப்போது வயர்ஷார்க் திரை முழுவதும் கறுப்பும் சிவப்புமாக இருக்கிறது. ஏறக்குறையப் பாதிப் பாக்கெட்டுகளை "டிசிபி ரீட்ரான்ஸ்மிஷன்" என்றோ "டூப்ளிகேட் ஏசிகே" என்றோ குறிக்கிறது. பாதி தொலைந்து மறுபடி அனுப்பப்படுகிறது என்றால் ஆலையே நின்றிருக்க வேண்டுமே? மேலாளரிடம் காட்டலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருக்கிறேன்.

கம்பிவழி:

தயவுசெய்து காட்டாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை நீங்களே உண்டாக்கிய இரட்டைகள். ஒரு பாக்கெட் விலான் 10இல் உள்ள ஒரு போர்ட்டில் நுழைந்து அதே விலானின் இன்னொரு போர்ட்டில் வெளியேறுகிறது. உள்வரவு, வெளிச்செல்லல் இரண்டையும் கேட்டிருப்பதால், நுழையும்போது ஒரு பிரதி, வெளியேறும்போது ஒரு பிரதி என ஒரே பாக்கெட்டை இருமுறை பார்க்கிறீர்கள். வயர்ஷார்க்குக்கு மிரர் இருப்பது தெரியாது. ஒரே வரிசை எண்ணை இரண்டாவது முறை பார்த்தவுடன் ரீட்ரான்ஸ்மிஷன் என்று எழுதிவிடுகிறது.

உண்மையான மறு அனுப்புதலையும் இரட்டைப் பிரதியையும் பிரித்தறிவது எளிது. இரண்டு பாக்கெட்டுகளையும் அருகருகே வைத்து, ஐபி ஹெட்டரில் உள்ள ஐடென்டிஃபிகேஷன் எண்ணைப் பாருங்கள். அது ஒன்றாகவே இருந்து, நேர இடைவெளியும் சில மைக்ரோ வினாடிகளே என்றால் அது பிரதி. அனுப்பிய கணினி காத்திருந்து, பதில் வராமல் மறுபடி அனுப்பியிருந்தால் அந்த எண் மாறியிருக்கும், இடைவெளியும் நூற்றுக்கணக்கான மில்லி வினாடிகளில் இருக்கும். ஏற்கெனவே சேமித்த கோப்பை வயர்ஷார்க்குடன் வரும் எடிட்கேப் என்ற கருவியில் "-டி" (டூப்ளிகேட்டின் முதலெழுத்து, சிறிய எழுத்தில்) விருப்பத்துடன் ஓடவிட்டால் இரட்டைகளைக் களைந்து தரும்.

அதைவிட நல்ல வழி, விலானை விட்டுவிட்டு 3ஆம் போர்ட்டுக்கே திரும்புவது. புகார் சர்வரைப் பற்றியது; சர்வரின் வாசலில் நின்றால் போதும். ஒரே செஷனில் போர்ட்டையும் விலானையும் சோர்ஸாகக் கலக்க முடியாது என்பதால், முதலில் "நோ மானிட்டர் செஷன் 1" கொடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

பொதிநோக்கி:

விலானை விடச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. உங்கள் 24ஆம் போர்ட் ஒரு கிகாபிட்தான். ஒரு கிகாபிட் போர்ட்டின் இரு திசைகளையும் பிரதியெடுத்தாலே உச்சத்தில் இரண்டு கிகாபிட் வரக்கூடும். விலான் முழுவதையும் கொடுத்தால் எவ்வளவு என்று சொல்லவே முடியாது. மிஞ்சியதை ஸ்விட்ச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். அப்போது கேப்சரில் ஒரு பாக்கெட் இல்லை என்பதை வைத்து நெட்வொர்க்கில் அது தொலைந்தது என்று முடிவுகட்ட முடியாது. மிரர் போர்ட்டில் இடமில்லாமல் விழுந்ததாகவும் இருக்கலாம். மிரரில் கண்டதை நம்பலாம், காணாததை நம்பக் கூடாது என்பதைக் கேப்சர் படிக்கத் தொடங்கும் எல்லோருக்கும் நான் சொல்வதுண்டு.

ஒன்றையும் தவறவிடக் கூடாது என்ற நிலை வந்தால் டேப் என்ற தனிக் கருவியைக் கம்பிக்கு நடுவில் வைக்க வேண்டும். அது இரு திசைகளையும் இரண்டு தனி போர்ட்டுகளில் தரும். உங்கள் பழுதுக்கு அவ்வளவு செலவு தேவையில்லை.

பழைய_கேபிள்:

தொழில்நுட்பத்தில் நண்பர்கள் சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்ல இல்லை. வேறொன்றைக் கேட்கிறேன்: இந்தக் கேப்சருக்கு நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கினீர்களா? நீங்கள் சேமிக்கும் கோப்பில் பில்கள் மட்டும் இருக்காது. அந்தச் சர்வரிலேயே சம்பளக் கணக்கும் இருந்தால் அதுவும் இருக்கும். மறையாக்கம் இல்லாத இணைப்பாக இருந்தால் கடவுச்சொற்களும் இருக்கும். அனுமதி என்பது உங்களுக்குத்தான் பாதுகாப்பு. நாளை ஏதேனும் தகவல் கசிந்தால் முதல் கேள்வி உங்களிடம்தான் வரும்.

அனுமதி கிடைத்த பின்னும் தேவைக்கு மேல் எடுக்காதீர்கள். டிசிபியின் நடத்தையைப் பார்க்க ஒவ்வொரு பாக்கெட்டிலும் முதல் 96 பைட் போதும். ஹெட்டர்கள் அதற்குள் அடங்கிவிடும், உள்ளடக்கம் பெரும்பாலும் வெட்டுப்பட்டுவிடும். வயர்ஷார்க்கின் கேப்சர் விருப்பங்களில் ஸ்னாப்லென் என்று இருக்கிறது. நீண்ட நேரம் ஓடவிடுவதாக இருந்தால் ரிங் பஃபர் வைத்து, 100 மெகாபைட் கோப்புகள் இருபது என்பதுபோல் வரம்பு கட்டுங்கள். பழையது தானாக அழிந்துகொண்டே வரும். வேலை முடிந்ததும் மீதியையும் அழித்துவிடுங்கள்.

ஆலைக்கணினி:

சரியான நேரத்தில் கேட்டீர்கள் ஐயா. வாய்மொழி அனுமதி மட்டுமே இருந்தது. நேற்று மாலையே மேலாளரிடம் ஒரு பக்கக் கடிதத்தில் கையொப்பம் வாங்கி, பழைய கோப்புகளை அழித்துவிட்டேன்.

இன்று காலை 3ஆம் போர்ட்டை மட்டும் சோர்ஸாக வைத்து, 96 பைட் வரம்புடன் 10:45 முதல் 12 மணி வரை எடுத்தேன். இரட்டைகள் ஒழிந்துவிட்டன. மீதமுள்ள ரீட்ரான்ஸ்மிஷன்கள் உண்மையானவை என்றே நினைக்கிறேன், ஏனென்றால் ஐடென்டிஃபிகேஷன் எண் மாறுகிறது. திரை உறைந்த ஒரு சமயத்தைக் குறித்து வைத்து, அந்த நொடியைத் தேடிப் பார்த்தேன். சர்வர் ஒரே தரவை முதலில் 0.3 வினாடி கழித்தும், பிறகு 0.6, 1.2, 2.4 வினாடிகள் காத்திருந்தும் மறுபடி மறுபடி அனுப்புகிறது. கூட்டினால் நாலரை வினாடி. திரை உறைவதும் அதே அளவுதான்! இவ்வளவு துல்லியமாகப் பொருந்தும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இன்னொன்று: இப்படி நடப்பது அனுப்புகைப் பிரிவின் ஏழு கணினிகளுக்கு மட்டுமே. மற்றப் பிரிவுகளுக்கு ஒன்றிரண்டைத் தவிர இல்லை. அந்தப் பிரிவு எங்கள் ஸ்விட்ச்சின் 11ஆம் போர்ட்டிலிருந்து ஒரு கம்பி வழியாகப் போகிறது. அங்கே எட்டு போர்ட் கொண்ட பழைய 100 மெகாபிட் ஸ்விட்ச் இருக்கிறது. அந்தப் பக்கத்தையும் மிரர் செய்து பார்க்க ஆர்ஸ்பான் (வேறொரு ஸ்விட்ச்சின் போர்ட்டைத் தொலைவிலிருந்து மிரர் செய்வது) அமைக்கலாமா?

பொதிநோக்கி:

அழகான கேப்சர். ஆர்ஸ்பான் இரண்டு பக்கமும் நிர்வகிக்கக்கூடிய ஸ்விட்ச்கள் இருந்தால்தான் முடியும். அதற்கென ஒரு தனி விலானை ஒதுக்கி, அதை "ரிமோட்-ஸ்பான்" என்று அறிவித்து, வழியில் உள்ள ட்ரங்க் (பல விலான்களைச் சுமக்கும் இணைப்பு) ஒவ்வொன்றிலும் கொண்டுபோக வேண்டும். பிரதிகளும் அதே ட்ரங்க்கில்தான் பயணம் செய்யும் என்பதால், ஏற்கெனவே திணறும் இணைப்பின் தலையில் இன்னொரு சுமையையும் ஏற்றுவதாகும். உங்கள் பழைய ஸ்விட்ச்சில் இதெல்லாம் இருக்க வாய்ப்பில்லை. 11ஆம் போர்ட்டையே இங்கிருந்து மிரர் செய்து, சர்வர் போர்ட்டில் கண்டதோடு ஒப்பிடலாம்.

கம்பிவழி:

நண்பரிடமிருந்து இங்கே மாறுபடுகிறேன். 11ஆம் போர்ட்டை மிரர் செய்தாலும் நாம் தேடுவது தெரியாது. மிரர் நல்ல ஃபிரேம்களை மட்டுமே பிரதியெடுக்கும். கம்பியில் சிதைந்து வந்த ஃபிரேமின் சிஆர்சி (பிழை கண்டறியும் சரிபார்ப்பு எண்) பொருந்தவில்லை என்றால் ஸ்விட்ச் அதை நுழைவாயிலிலேயே எறிந்துவிடும். அது உங்கள் வயர்ஷார்க்குக்கு வந்து சேரவே சேராது. கேப்சர் என்பது உயிரோடு கடந்தவர்களின் பட்டியல். வாசலில் இறந்தவர்களின் கணக்கு போர்ட்டின் கவுன்ட்டரில்தான் இருக்கிறது. இந்தக் கணக்கை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். மிரரைப் பற்றிய கேள்வி என்பதால் நானும் மிரரையே பேசிக்கொண்டிருந்துவிட்டேன்.

"ஷோ இன்டர்ஃபேசஸ் கிகாபிட்ஈதர்நெட் 1/0/11" கொடுத்து, டூப்ளெக்ஸ் வரியையும் (இரு திசையிலும் ஒரே நேரத்தில் பேசுவது ஃபுல், மாறி மாறிப் பேசுவது ஹாஃப்), ரன்ட்ஸ் (அளவு குறைந்த ஃபிரேம்கள்), இன்புட் எரர்ஸ், சிஆர்சி ஆகியவற்றையும் எழுதுங்கள். "ஷோ இன்டர்ஃபேசஸ் ஸ்டேட்டஸ்" என்பதில் 11ஆம் வரி எப்படி இருக்கிறது, மற்ற வரிகள் எப்படி இருக்கின்றன என்பதையும் சொல்லுங்கள்.

ஆலைக்கணினி:

ஸ்டேட்டஸில் மற்றப் போர்ட்டுகள் எல்லாம் "ஏ-ஃபுல்", "ஏ-1000" என்று காட்டுகின்றன. 11ஆம் போர்ட் மட்டும் முன்னால் அந்த "ஏ" இல்லாமல் "ஃபுல்", "100" என்று காட்டுகிறது. சிஆர்சி 18,442. ரன்ட்ஸும் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தபோது சிஆர்சி 18,697 ஆகியிருந்தது. மற்ற எல்லாப் போர்ட்டுகளிலும் பூச்சியம்.

கம்பிவழி:

பிடிபட்டது என்றே சொல்வேன். அந்த "ஏ" என்பது இரு பக்கமும் தாமாகப் பேசி முடிவெடுத்ததைக் குறிக்கிறது. 11ஆம் போர்ட்டில் முன்பு யாரோ வேகத்தை 100 என்றும் டூப்ளெக்ஸை ஃபுல் என்றும் கையால் நிலைநிறுத்தியிருக்கிறார்கள். அப்படி நிலைநிறுத்திய போர்ட் மறுபக்கத்தோடு பேச்சுவார்த்தை நடத்தாது. மறுபக்கத்தில் இருக்கும் பழைய ஸ்விட்ச் பேச முயன்று, பதில் கிடைக்காமல், சைகையை வைத்து வேகம் 100 என்பதைக் கண்டுகொள்ளும்; டூப்ளெக்ஸை அறிய வழியில்லாததால் விதிப்படி ஹாஃப் என்று வைத்துக்கொள்ளும்.

இனி நடப்பதைப் பாருங்கள். உங்கள் பக்கம் ஃபுல் என்பதால், எதிரில் பேச்சு நடந்தாலும் தானும் பேசும். எதிர்ப்பக்கம் ஹாஃப் என்பதால், தான் பேசும்போது இன்னொரு குரல் கேட்டவுடன் மோதல் என்று எண்ணிப் பாதியில் நிறுத்திவிடும். அந்தப் பாதி ஃபிரேம்தான் உங்களிடம் ரன்ட்டாகவும் சிஆர்சி பிழையாகவும் பதிவாகிறது. அதே சமயத்தில் உங்கள் பக்கத்திலிருந்து போன ஃபிரேமும் அங்கே ஏற்கப்படாமல் தொலைகிறது. பிங் ஒரு பாக்கெட் போய் ஒரு பாக்கெட் திரும்பும் வேலை. இருவரும் ஒரே நேரத்தில் பேசும் தருணமே அதில் இல்லை, அதனால் மோதலும் இல்லை. லாரிகள் வரிசைகட்டி, ஏழு பேரும் ஒரே நேரத்தில் பில் போடும் 11 மணிக்குத்தான் இரு திசையிலும் பேச்சு குவிகிறது.

11ஆம் போர்ட்டில் "ஸ்பீட் ஆட்டோ", "டூப்ளெக்ஸ் ஆட்டோ" கொடுங்கள். இணைப்பு சில வினாடி விழுந்து எழும். ஸ்பானிங் ட்ரீயும் தன் நேரத்தை எடுத்துக்கொள்ளும். ஆகவே உணவு இடைவேளையில் செய்யுங்கள்.

பழைய_கேபிள்:

டூப்ளெக்ஸ் காரணம் என்பதை ஏற்கிறேன், ஆனால் அத்தோடு கேபிளை விடுதலை செய்துவிட வேண்டாம். பழுதான கேபிளும், சரியாகக் கிரிம்ப் செய்யாத ஆர்ஜே-45 முனையும் இதே சிஆர்சியைத்தான் தரும். ஒருவேளை கேபிள் தொல்லை தந்ததால்தான் முன்பு இருந்தவர் வேகத்தை 100இல் கட்டிவைத்தாரோ என்னவோ. ஆட்டோவுக்கு மாற்றியதும் "கிளியர் கவுன்ட்டர்ஸ்" கொடுத்து எண்ணைப் பூச்சியமாக்குங்கள். மறுநாள் 12 மணிக்குப் பாருங்கள். மறுபடி ஏறியிருந்தால் கேபிள். நூற்பாலை என்பதால் கம்பி மோட்டார்களுக்கான மின்கம்பிகளோடு ஒரே டிரேயில் போகிறதா என்றும், மொத்த நீளம் 100 மீட்டரைத் தாண்டுகிறதா என்றும் நடந்துபோய்ப் பாருங்கள்.

ஆலைக்கணினி:

நேற்று 1:10க்கு மாற்றினேன். ஸ்டேட்டஸில் இப்போது "ஏ-ஃபுல்", "ஏ-100" என்று வருகிறது. கவுன்ட்டர்களைத் துடைத்தேன். இன்று 12:15 வரை சிஆர்சி பூச்சியம், ரன்ட்ஸ் பூச்சியம். அனுப்புகைப் பிரிவில் மூத்தவர் ஒருவர், "இன்றைக்கு ஸ்க்ரீன் நிக்கவே இல்லை தம்பி" என்று தானாகவே வந்து சொன்னார். கேபிளையும் நடந்துபோய்ப் பார்த்தேன். ஏறத்தாழ 70 மீட்டர், ஓரிடத்தில் மட்டும் மின்கம்பியோடு ஒட்டிப் போகிறது. அதைப் பிரித்துக் கட்ட எலக்ட்ரீஷியனிடம் சொல்லியிருக்கிறேன்.

"நோ மானிட்டர் செஷன் 1" கொடுத்து, டிஸ்கிரிப்ஷனை நீக்கி, அதன் பிறகே கான்ஃபிகரேஷனைச் சேமித்தேன். 24ஆம் போர்ட்டில் வேறொரு கணினியைச் செருகி ஐபி கிடைக்கிறதா என்றும் பார்த்துவிட்டேன். கேப்சர் கோப்புகளும் அழிக்கப்பட்டுவிட்டன.

கடைசியாக ஒரு கேள்வி: இந்தக் கவுன்ட்டர்களைத் தினமும் நான் போய்ப் பார்க்காமல், தானாகக் கண்காணிக்க வழி உண்டா?

பொதிநோக்கி:

11ஆம் போர்ட்டை மிரர் செய்யச் சொன்னது என் பிழை. கம்பிவழி சொன்னதே சரி.

தானாகப் பார்க்க, கருவிகளின் கணக்குகளைத் தொலைவிலிருந்து படிக்கும் எஸ்என்எம்பி நெறிமுறை போதும். லிப்ரெஎன்எம்எஸ், ஸாபிக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் எல்லாப் போர்ட்டுகளின் பிழைக் கணக்கையும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து வரைபடமாக்கும். ஸ்விட்ச்சில் எஸ்என்எம்பியைப் படிக்க மட்டும் திறந்து, உங்கள் கண்காணிப்புக் கணினியின் முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். முடிந்தால் 3ஆம் பதிப்பையே பயன்படுத்துங்கள்.

எந்த மென்பொருளானாலும் போக்குவரத்து அளவுக்கு 64 பிட் கவுன்ட்டரைத் தேர்ந்தெடுங்கள். 32 பிட் கவுன்ட்டர் முழு வேகத்தில் ஓடும் கிகாபிட் போர்ட்டில் 34 வினாடியில் நிரம்பிப் பூச்சியத்துக்குத் திரும்பிவிடும். ஐந்து நிமிடத்தில் அது எத்தனை முறை சுற்றியது என்பதை எவராலும் சொல்ல முடியாது. பிழைக் கவுன்ட்டருக்கு அந்தத் தொல்லை இல்லை. எந்தப் போர்ட்டிலும் ஐந்து நிமிடத்தில் ஒரு பிழை ஏறினாலும் உங்களுக்கு மின்னஞ்சல் வரும்படி வையுங்கள். இப்போது எல்லாம் பூச்சியத்தில் இருப்பதால் அவ்வளவு கடுமையான வரம்பு உங்களுக்குத் தாங்கும்.